மீன்கறி கொட்டிய ஜெபச் சீட்டு

விடிந்தால் கல்யாணம். பெண்ணோ மடிக்கணினியை விட்டு எழுந்திருப்பதாயில்லை. அமரவிளை ஊரின் சொந்தக்காரப் பெண்கள் எட்டிப் பார்ப்பதும் முகவாயில் கை வைப்பதுமாக இருந்தார்கள்.

சிஜிக்கு வேறு வழியில்லை. ஷார்ஜாவிலிருக்கும் அண்ணன் விபினுக்கு லீவு கிடைக்கவில்லை. சர்ச்சில் நடப்பதை அவன் நேரலையிலாவது பார்த்தாக வேண்டும். அவள் வேலை பார்ப்பதே வீடியோக்களை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கும் கம்பெனியில்தான். அனுமதி வாங்கி, சர்ச்சில் கேமராவும் மாட்டியாயிற்று. ஆனால் விபினின் போனில் காலையிலிருந்து வெறும் வட்டம் சுற்றியது.

வளைகுடாவில் வீடியோ கொடுப்பது கூட்டாளிக் கம்பெனியின் சர்வர். அது தன்னிடம் இல்லையென்று சிஜியின் சர்வரிடம் தள்ளியது. இதுவோ, ஷார்ஜாக்காரர் அங்கேதான் கேட்க வேண்டுமென்று திருப்பித் தள்ளியது. இந்தப் பந்தாட்டத்துக்கு மருந்து உண்டு. கைமாறும் கோரிக்கையில் ஒவ்வொரு சர்வரும் தன் பெயரை எழுத வேண்டும். ஏற்கெனவே தன் பெயர் இருந்தால் சிஜியின் சர்வர் மறுபடி தள்ளாமல் நேராகக் கேமராவிடம் கேட்கும். அந்த விதியைப் போட்டும் ஏன் சுற்றுகிறது? எரிச்சல் போய், அந்தக் கள்ளனைப் பிடித்தே தீருவதென்ற ஆசை வந்துவிட்டது அவளுக்கு.

அந்நேரம் பக்கத்து வீட்டு ஆள் ஜெபச் சீட்டைக் கொடுத்துப் போனார். வெள்ளிக்கிழமை ஜெபம் யார் வீட்டில் என்ற தாள். படித்து, பெயரெழுதி, ஒப்பு என்கிற கையெழுத்தைப் போட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். திரும்பி வரும் சீட்டில் தன் ஒப்பு ஏற்கெனவே இருந்தால் அந்த வீட்டோடு சுற்று முடிந்தது. நேற்றே வந்துபோன சீட்டு இது. இன்று மறுபடியும், அம்மா ரெபேக்காளின் எழுத்தில் வந்திருக்கிறது. எல்லா வீட்டு ஒப்பும் இருந்தது, அம்மாவின் ஒப்பைத் தவிர.

அம்மாவிடம் விசாரித்தாள்.

"மீன்கறி கொட்டிப் போச்சு மக்கா. புதுசா எழுதிக் குடுத்தேன்."

"பழைய ஒப்பெல்லாம்?"

"அடுத்தவங்களுக்க ஒப்ப நான் போட்டா அது கள்ள ஒப்பாக்கும்."

அம்மா தன்னுடையதையும் போட மறந்திருந்தாள். ஒப்பு இல்லையே என்று ஊரே இரண்டாம் முறை போட்டிருக்கிறது. சிஜி விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, மடிக்கணினிக்கு ஓடினாள்.

இருந்தது. வரும் கோரிக்கைகளில் வேண்டாத வரிகளை அழித்துச் சுத்தம் செய்ய அவளே போன வருஷம் எழுதிவைத்த சின்ன நிரல். சர்வர்கள் எழுதிய பெயர்களையெல்லாம் அதுதான் துடைத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு மகள் தப்பவில்லை.

திருத்திய அரை நிமிஷத்தில் விபின் கூப்பிட்டான். காலி பெஞ்சுகளும், ஏணியில் நின்று பூக்கட்டும் அலங்காரக்காரர் விஜயதாஸும் தெரிவதாகச் சொன்னான். பிறகு, கேமராவை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டான். வாசலுக்கு மேலே, எல்லாம் தெரிகிற இடத்தில் என்றாள்.

"எல்லாம் வேண்டாம் மக்கா. பொண்ணுக்குப் பக்கத்துல அண்ணன் நிக்கதுக்குன்னு ஒரு எடம் உண்டுல்லா? அங்க வை."

சிஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. விஜயதாஸிடம் ஏணியைக் கேட்கப் புறப்பட்டாள்.