கதவைச் சாத்த ஒருத்தி

கந்தர்வக்கோட்டைக் காத்தாயிக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கோடையில் பொழுது ஏறியதும் கதவு, சன்னலெல்லாம் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, நிலைப்படியில் ஈரச்சேலையைத் தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் அது வீடே இல்லை, செங்கல் சூளை. மீமிசலிலிருந்து வாழ வந்த மருமகள் சொர்ணவல்லியோ கடற்காற்றில் வளர்ந்தவள். காற்று வரட்டுமென்று உச்சிவேளையில் எல்லாக் கதவையும் திறந்து போட்டாள். அனலும் புழுதியும் சோற்றுப்பானை வரைக்கும் வந்தன. குடும்பம் நடத்தத் தெரியாதவள் என்று காத்தாயி ஏசிவிட்டாள். நரம்பில்லாத நாக்குதானே. மருமகள் விடிந்ததும் பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

மகன் ஆவுடையப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. பெற்ற வயிறு எத்தனை நாள் பொறுக்கும்? மருமகளைக் கூட்டிவரக் காத்தாயியே கிளம்பினாள். ஆனால் தப்பென்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. வெயிலைச் சமாளிப்பது எப்படியென்று சம்பந்தி வீட்டுக்கே கற்றுக்கொடுத்துவிட்டு வரலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்படியே செய்தாள். கதவுகளைச் சாத்தினாள், தண்ணீர் தெளித்தாள், ஈரச்சேலையைத் தொங்கவிட்டாள். சம்பந்தி மரியாதைக்காக யாரும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வீடு இட்லிக் கொப்பரை ஆகிவிட்டது. எல்லோரையும்விட அதிகம் வேர்த்தது காத்தாயிக்குத்தான். மூச்சு முட்டியது. எழுந்து திறக்க வெட்கம் விடவில்லை.

சொர்ணவல்லி சிரிக்கவில்லை. சத்தமில்லாமல் போய்க் கடல் பக்கத்துக் கதவைத் திறந்தாள். காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. பனையோலை விசிறியை எடுத்து வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வீசினாள்.

"ஒன்னைய ஏசுனது தப்புத்தான் ஆத்தா," என்றாள் காத்தாயி. "இந்தக் காத்துல வளந்தவளுக்குக் கதவச் சாத்த எப்புடி மனசு வரும்?"

"அங்கிட்டு வந்தா நானே சாத்திக்கிறேன் அத்தை."

இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் தென்னந்தோப்பில் பாய் விரித்தார்கள். காத்தாயி இத்தனை சுகமாகத் தன் ஆயுசில் படுத்ததில்லை.

கூட்டிவரப் போன அம்மாவையும் நாலு நாளாகக் காணோமே என்று பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான் ஆவுடையப்பன். வாசலில் சொர்ணவல்லி துணிமூட்டையோடு தயாராக நின்றாள்.

"நான் எப்பவோ கெளம்பிட்டேங்க. அத்தைதான் வரமாட்டேங்குறாக."

தோப்பில் காத்தாயி சுகமாகப் புரண்டு படுத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கப்பா. வெயிலு தணியட்டும், வாரேன். அங்கதான் கதவச் சாத்த அவ இருக்காள்ல, பெறகு நான் எதுக்கு?"