கைக்குப் பிறகு வந்த சொல்

கண்ணாடி சுமக்கும் வேலையில் ஒரே ஒரு சொல்தான் முக்கியம். "விடு." தூக்கும் இரண்டு பேரில் யாருக்குக் கை வழுக்கினாலும் கால் இடறினாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். சொன்னதும் இரண்டு பேரும் ஒன்றாகக் கையை எடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். கண்ணாடி போனால் போகட்டும். சொல்லாமல் ஒருவன் விட்டால் மொத்த எடையும் அடுத்தவன் கையை அறுத்துக்கொண்டு இறங்கும். சொன்ன பிறகும் ஒருவன் விடாமல் பிடித்தால் கண்ணாடி திரும்பி மற்றவன் மேல் சாயும். எங்கள் கடையில் சேருகிறவர்களுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்லித் தருவோம். பதினாறு வருடமாக அதைச் சொல்லித் தந்த பெரிய மனுஷன் நான்.

கண்ணாடி கையை அறுத்து மூன்று மாதத்துக்குப் பிறகு இன்று காலை என் மச்சினன் வேலைக்கு வந்தான். வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் அவனுக்கு இனி மடங்காது. எல்லோரும் வந்து தோளைத் தட்டினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு வாசலில் லாரி வந்து நின்றது. ஏற்ற வேண்டியவை எட்டடிக் கண்ணாடிகள். ஜோடி சேர வேண்டிய நேரத்தில் ஒருவன் கையுறையைத் தேட ஆரம்பித்தான். ஒருவனுக்குத் திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டது. இன்னொருவன் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். மச்சினன் ஒரு கண்ணாடியின் முனையில் கையை வைத்தபடி சிரித்த முகமாகவே நின்றான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. "மாமா சொன்னாரு. நான்தான் லேட்டா விட்டேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி முதலாளியிடம் சொன்னவனே அவன்தான். சொன்னால் விடாதவனோடு யார் சேருவார்கள்?

நடந்தது வேறு. அன்றைக்கு மாடிப்படியில் கண்ணாடியைப் பிடித்தபடி நான் மேலே, பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தேன். அவன் கீழே இருந்தான். என் குதிகால் ஒரு படியைத் தவறவிட்டது. கை விட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் வாயில் சொல் வந்தது. நடுவே ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருந்திருக்காது. நான் கத்தியது கீழே நின்ற எல்லோருக்கும் கேட்டது. எது முதலில், எது பிறகு என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏன்டா மாப்ள அப்படிச் சொன்ன?" என்று ஆஸ்பத்திரியில் ஒருநாள் கேட்டேன்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா அந்த வீட்ல நீங்க எப்படி மாமா இருப்பீங்க?" என்றான். அதோடு பேச்சை மாற்றிவிட்டான்.

அவன் அக்கா, என் மனைவி, சாப்பாடு போடும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லியும் விடலையாமே. சின்ன வயசுலேருந்தே அவன் பிடிச்சா பிடிச்சதுதான்." நான் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். வெட்கமாக இருக்கும், ஆனாலும் சாப்பிட்டு முடித்துவிடுவேன்.

இந்த மூன்று மாதத்தில் வேண்டாத யோசனையெல்லாம் வந்தது. எந்தக் காலத்திலோ, ஒருவனால் அசைக்க முடியாத ஒரு மரத்தையோ செத்த விலங்கையோ இரண்டு பேர் சேர்ந்து தூக்கியிருப்பார்கள். அப்போது பேச்சே இருந்திருக்காது. ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்து, அவன் விடமாட்டான் என்று நம்பித்தான் தூக்கியிருக்க வேண்டும். பாதியில் விட்டவனோடு மறுநாள் யாரும் போயிருக்க மாட்டார்கள். அவன் தனியாகப் பசித்துச் செத்திருப்பான். அப்படிப் பார்த்தால் நாமெல்லாம் விடாதவர்களுடைய பிள்ளைகள். நான் மட்டும் யாருடைய பிள்ளை என்று தெரியவில்லை.

கடையில் மூத்தவரை, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்று கூப்பிடுவோம். எவ்வளவு பெரிய கண்ணாடியானாலும் அவர் பிடித்த பக்கம் ஒரு நூல்கூடச் சாயாது. அவர்தான் மெதுவாக மச்சினனிடம் வந்தார்.

"தம்பி, கொஞ்ச நாள் பேக்கிங் பாரு. தூக்குறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிண்ணே" என்றான். சிரிப்பு மாறாமல் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தான். பேக்கிங் பக்கம் போனவர்கள் திரும்பி வந்ததை இந்தக் கடையில் நான் பார்த்ததில்லை. அது அவனுக்கும் தெரியும்.

"அண்ணே, அவன் விடாம இல்ல" என்றேன். "நான்தான் முதல்ல கைய விட்டேன். அப்புறம்தான் சொன்னேன்."

"மாமா, சும்மா இருங்க" என்றான் மச்சினன். முதல் முறையாக அவன் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன்.

ரசமட்டம் அவன் கையைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். அவற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

"இதைச் சொல்ல உனக்கு மூணு மாசமா?" என்றார். கையுறையை மாட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடியின் மறுமுனைக்குப் போய் நின்றார். "தம்பி, எடுப்பமா?"

மச்சினன் இடது கையை அடியில் கொடுத்து, வலது கையின் மூன்று விரல்களால் விளிம்பைப் பிடித்தான். கண்ணாடி எழுந்தது. அவன் பக்கமும் ஒரு நூல்கூடச் சாயவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான், பட்டேன். சாயங்காலம் வீட்டில் மனைவியிடமும் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு அதற்குள் வந்துவிட்டது.

அடுத்த கண்ணாடியின் ஒரு முனையில் நான் கையை வைத்தேன். கையுறையைத் தேடவோ முதுகைப் பிடித்துக்கொள்ளவோ இந்த முறை யாரும் சிரமப்படவில்லை. பார்த்தபடியே நின்றார்கள். என் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சினன் பின்பக்கமாக நடந்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தான். "படி... இன்னொரு படி..." என்று அவன் சொல்லச் சொல்ல ரசமட்டம் கால் வைத்தார். என் கண்ணாடியின் மறுமுனை சுவரில் சாய்ந்திருந்தது. யாரும் என்னை விடச் சொல்லவில்லை. நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.