பாராட்டுக் கூட்டத்தில் சந்தனமேரி

சந்தனமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுக்கோட்டையில் புருஷனுக்குப் பாராட்டுக் கூட்டம் என்று ஆவூரிலிருந்து பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மேடையேறிய ஒவ்வொருத்தரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். எழுத்தாளர் தைரியநாதன் மரணத்தோடு பேசுகிறவர், மரணத்தைக் காதலிக்கிறவர்!

காதலாம், மண்ணாங்கட்டி! கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வருகிறவள் அவள். அவருக்குச் செத்துப்போகத் தோன்றும். காரணம் இருக்கிற நாளிலும் தோன்றும், இல்லாத நாளிலும் தோன்றும். சர்க்கரை, பிரஷர் போல இதுவும் நாள்பட்ட நோய், எழுத்து வடிகால்தான், வைத்தியம் ஆகாது, மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவரோ எல்லாவற்றையும் கதையில் கொட்டிவிட்டு வீட்டில் வாயே திறக்க மாட்டார். போதாக்குறைக்கு, சமீபத்திய கதைகளில் பழைய வலி இல்லை என்று எவனோ ஒரு புண்ணியவான் விமர்சனம் எழுதிவிட்டான். மாத்திரைதான் எழுத்தைக் கெடுக்கிறது என்று அன்றைக்கே நிறுத்தியவர்தான். கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். அவர் மசியவில்லை.

கடைசியாகப் பேராசிரியர் உதயசூரியன் மைக்கைப் பிடித்தார். “அந்த வலி மட்டும் ஐயாவை விட்டுப் போயிடவே கூடாது!” என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

சந்தனமேரி எழுந்துவிட்டாள்.

“ஏங்க, ஒங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? அது வியாதிங்க! ஒங்க கூடப்பொறந்தவனுக்கு வந்திருந்தா இப்படிக் கை தட்டுவீங்களா? நாளைக்கு இவருக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, இரங்கல் கூட்டம் போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிருவீங்க. நான் என்ன பண்ணுவேன்?”

தைரியநாதன் மேடையிலிருந்து இறங்கி விறுவிறுவென்று வெளியே போனார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

“நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே, மேரி.”

“போனாப் போவுது. நீங்க இருந்தாப் போதும் எனக்கு.”

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். ஊருக்குப் போகிற விராலிமலை பஸ் வந்து நின்றது. அவர் ஏறாமல் நின்றார்.

“காலையில பஸ்ல வரும்போதும் அந்த நெனப்பு வந்துச்சு. நீ பக்கத்துல தூங்கிக்கிட்டு இருந்த. இப்பவும் இருக்கு.”

இத்தனை வருஷத்தில் அவர் அதை வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. அழுதால் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, சந்தனமேரி அழுகையை முழுங்கிக்கொண்டு அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“சொல்லுங்க. சொல்லிக்கிட்டே வாங்க,” என்று ஆஸ்பத்திரி இருக்கிற பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.