செவ்வாய்க்கிழமைத் தாள்

அவளிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளில் அவள் கொடுப்பது ஒரு வெள்ளைத்தாள். மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை.

"ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதிட்டு வாங்க. எழுந்ததுலேர்ந்து படுக்கிறவரைக்கும், மணிக்கு மணி என்ன செஞ்சீங்கன்னு. அழகா எழுத வேண்டாம். பொய் மட்டும் வேண்டாம்."

ஏன் செவ்வாய் என்று எல்லோரும் கேட்பார்கள். ஞாயிற்றுக்கு விடுமுறை என்ற சாக்கு இருக்கிறது. திங்களுக்கு ஆரம்பம் என்ற முறுக்கு, வெள்ளிக்கு வாரம் முடியப்போகிற மினுக்கு. செவ்வாய்க்கு ஒன்றும் கிடையாது. விவாகரத்து ஆனவர்கள், வேலை போனவர்கள், பிள்ளைகள் போனபின் இரண்டு தட்டு மட்டும் கழுவுகிறவர்கள், எவருக்கும் வாழ்க்கை விட்டுப்போன இடம் செவ்வாயில்தான் அப்பட்டமாகத் தெரியும். தாளில் எந்த மணிநேரம் காலியாகக் கிடக்கிறதோ அங்கேதான் அவள் வேலையைத் தொடங்குவாள். மனநல ஆலோசகராகப் பதினெட்டு வருடம் ஓட்டியது இந்த ஒரு தாளை வைத்துத்தான்.

அன்று எதிர் நாற்காலியில் இருந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முப்பத்திரண்டு வருடம் தரையிலிருந்து பதினோரு மாடி உயரத்தில், ஓர் ஆள் உட்காரும் கண்ணாடிப் பெட்டிக்குள் வேலை. அதனால் கூட்டாளிகள் வைத்த பெயர் உச்சி. வயர்லெஸ்ஸில் நாள் முழுக்க, "உச்சி, கொஞ்சம் இடது. உச்சி, இறக்கு. உச்சி, சாப்பிட்டியாய்யா?" ஓய்வு பெற்ற நாலாம் மாதம் மனைவி இறந்துபோனாள். பிறகு அவரை யாரும் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை.

மகன் வேறு ஊரில். அப்பா தனியாகக் கிடக்க வேண்டாம், வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடட்டும் என்கிறான். அவருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. கடைசியில் மகன் ஒரு வழிக்கு வந்தான்: ஆலோசகர் கைப்பட, 'இவர் தனியாகச் சமாளித்துக்கொள்வார்' என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறேன். இல்லையென்றால் மாதக் கடைசியில் வண்டி வரும்.

"எங்க வீட்டு மேனேஜர் காலையிலேயே போன் பண்ணிட்டான் டாக்டரம்மா. லெட்டர் ரெடியான்னு," என்றார் உச்சி. நான் டாக்டர் இல்லை என்று மூன்று முறை திருத்திப் பார்த்து அவள் விட்டுவிட்டிருந்தாள். "முதல்ல தாளைப் பாருங்க. இந்தத் தடவை ஒரு ஓட்டை கிடையாது."

உண்மைதான். முதல் தாளில் ஏழு மணிக்குக் காபி, எட்டிலிருந்து ஆறு வரை ஒரு நீளக் கோடு, அவ்வளவே இருந்தது. இந்தத் தாள் நிரம்பி வழிந்தது. ஆறு மணி நடை. எட்டு மணி பக்கத்து வீட்டுக்காரரோடு காபி. பத்திலிருந்து பன்னிரண்டு நூலகம், பேப்பர், இரண்டு பேரோடு செஸ். மாலை பூங்கா.

அவள் கை பேனாவைத் திறந்துவிட்டது. கடிதத்துக்கான தாள் மேஜையில் தயாராக இருந்தது. பேனா முனை தாளைத் தொடும் முன்பு கண் மறுபடி பத்து மணிக்குப் போனது.

நூலகம்.

போன மாதத்திலிருந்து நூலகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. கதவில் பலகை தொங்குகிறது. இது ஊரில் பலருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் சங்கடம்.

கணவர் பிரிந்துபோய் இரண்டு வருடம். செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் ஆட்கள். காலை அப்படியே கிடக்கும். தூரத்தில் இருக்கும் மகள் நச்சரித்ததால் நூலகத்தில் நடக்கும் செவ்வாய் வாசகர் வட்டத்துக்குக் கிளம்பினாள். போன முதல் நாளே கதவு பூட்டியிருந்தது. வட்டத்தையும் கலைத்துவிட்டார்களாம். அதை மகளிடம் சொல்ல நா எழவில்லை. அடுத்தடுத்த செவ்வாய்களிலும் போனாள், பூட்டியிருக்கும் என்று தெரிந்தே. உடுத்திக் கிளம்பியாயிற்று, வேறெங்கே போவது?

இப்போது இதைச் சொல்லாமல் அவரிடம் நூலகத்தைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. வருகிறவர்களிடம் சொந்தக் கதை பேசுவதில்லை என்பது அவள் மீறாத விதி. பேசாமல் கையெழுத்துப் போட்டால் அவர் சந்தோஷமாகப் போய்விடுவார், அந்த நீளக் கோட்டுக்குள். அப்புறம் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

பேனாவை மூடினாள்.

"நூலகம் செவ்வாய்க்கிழமை லீவு சார்."

"புதுசா மாத்தினாங்களா? என் கெட்ட நேரத்தைப் பாருங்க," என்றார் உச்சி. சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நாலு வாரமா யோசிச்சு யோசிச்சு எழுதினது. பக்கத்து வீட்டுக்காரர் என்கிட்ட பேசி ஒரு வருஷம் ஆச்சு. அவர் வண்டி நிறுத்துற இடத்துல சண்டை." தாளை மடித்தார். "அப்போ என் வீடு போச்சு, இல்லையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எதுக்கு டாக்டரம்மா அங்க போனீங்க?"

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனேன் என்றால் முடிந்தது.

"உங்களை மாதிரிதான் சார். போறதுக்கு வேற இடம் இல்லை."

அந்த மேஜையில் ஒரு தண்ணீர்த் தம்ளர் எப்போதும் இருக்கும், வருகிறவர்கள் பக்கமாக. உச்சி அதை இரண்டு விரலால் மெல்ல, ஒரு சரக்குப் பெட்டியை இறக்குகிற கவனத்தோடு, அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவள் குடித்தாள். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "இங்கேயே எழுதுங்க. இப்பவே. நெஜமான செவ்வாய்."

அவர் எழுதினார். ஏழு, காபி. எட்டிலிருந்து நாற்காலி. நாற்காலி. நாற்காலி. மூன்று மணிக்கு வந்ததும் கை நின்றது.

"இதை எழுதலாமான்னு தெரியல. பைத்தியம்னு நினைப்பீங்க."

"எழுதுங்க."

"மூணு மணிக்கு மொட்டை மாடிக்குப் போவேன். அங்கிருந்து துறைமுகம் தெரியும். என்னோட ஆறாம் நம்பர் கிரேன்ல இப்ப ஒரு பொண்ணு. நல்ல கை. ஆனா கடைசி ஒரு அடியில அவசரப்படுறா, பெட்டி டங்குன்னு உட்காருது. நான் இங்கேயிருந்து 'மெதுவா, மெதுவா'ம்பேன். அதுக்குக் கேக்கவா போகுது?" அவர் முகத்தில் முதல்முறையாக ஏதோ ஏறியது. "ஆனா பாருங்க, நேத்து மெதுவாத்தான் இறக்கினா."

அவள் அந்த மூன்று மணியின் மேல் விரலை வைத்தாள். அந்த நிரம்பி வழிந்த தாளில் பதினாறு மணிநேரமும் பொய். இதில் ஒரு மணிநேரம் உயிரோடு இருந்தது.

"கடிதம் எழுதறேன் சார். ஆனா 'சமாளிச்சுக்குவார்'னு இல்லை. 'தனியா இருக்கார், அது அவருக்கே தெரியும், வீட்டை மூணு மாசம் அவர்கிட்ட விட்டு வைங்க, வாராவாரம் நான் பார்த்துக்கறேன்'னு. உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்."

"அவன் ஒத்துக்குவானா?"

"தெரியல."

உச்சி நாற்காலியைத் தள்ளி எழுந்தார். "எழுதுங்க," என்றார். கதவருகே போனவர் திரும்பினார். "நீங்களும் ஒண்ணு எழுதிப் பாருங்களேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. மகள்.

"சாப்பிட்டியாம்மா? செவ்வாய்க்கிழமை வட்டத்துல என்ன படிச்சீங்க? அந்தச் சண்டைக்கார வாத்தியார் வந்தாரா?"

அந்த வாத்தியாரை அவள்தான் உண்டாக்கியிருந்தாள். அவருக்கு இருமல் கொடுத்தது, மற்றவர்களோடு முட்ட விட்டது எல்லாம் அவள்தான். மகள் அவரை நினைத்து அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி ஒருத்தர் இல்லை, பாப்பா."

"இல்லைன்னா? வர்றதை நிறுத்திட்டாரா?"

"இல்லவே இல்லை. வட்டமும் இல்லை. நூலகம் செவ்வாய்க்கிழமை பூட்டியிருக்கும்."

போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அப்போ பத்து மணிக்கு எங்கம்மா இருப்பே?"

"அந்த நூலகத்துப் படியில உட்கார்ந்திருப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

அவள் சுவரில் சாய்ந்து, ஒரு செருப்பு காலிலும் ஒன்று கையிலுமாக, நிதானமாக மணியை எண்ணிப் பார்த்தாள். குறைக்காமல் சொன்னாள்.