பன்னிரண்டாவது தட்டு

அம்மா போய் நாற்பது நாள் ஆகியும் எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று எங்கள் ஊர் செவிலிமேட்டில் பேசிக்கொண்டார்கள். நாலு பேர் என்றால் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சென்னையில் என் பீங்கான் கண்காட்சிக்குப் பன்னிரண்டு தட்டுகள் தர வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

எனக்குப் பெயர் வாங்கித் தந்ததே ஒரு பச்சை நிறம்தான். அம்மாவின் இட்லிக் கடை அடுப்புச் சாம்பலைக் கரைத்து, தட்டில் பூசி, சூளையில் சுட்டால் குளத்துப் பாசி போல ஒரு பச்சை வரும். 'தூய சவுக்குச் சாம்பல், பிரவீனாவின் கண்டுபிடிப்பு' என்று பத்து வருடமாகக் கண்காட்சி அழைப்பிதழ்களில் என் பெயரைப் போட்டு அச்சடிக்கிறார்கள். அம்மா அந்தத் தட்டில் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் நின்றபடியே மந்தாரை இலையில் இரண்டு இட்லி தின்பாள். நானும் வற்புறுத்தியதில்லை.

கடையை மூடியதும் சாம்பல் தீர்ந்தது. அதே சவுக்கு விறகை வாங்கி நானே எரித்தேன். சூளையைத் திறந்தால் தட்டெல்லாம் கழுநீர் நிறம். மூன்று முறையும் அப்படித்தான். பச்சை இல்லையென்றால் கண்காட்சியே இல்லை என்று கேலரி நடத்தும் கீர்த்தி சொல்லிவிட்டாள். அதற்கும் மனம் மரத்தே கிடந்தது.

அம்மா விறகை எங்கே வாங்கினாள் என்று தம்பி ஜெபகுமாரிடம் கேட்டேன்.

"அதே மண்டிலதான்க்கா. ஆனா வெறும் வெறகா எரிச்சிக்கினு இருந்துச்சு? துன்னுட்டுப் போட்ட எலையெல்லாம் காயவெச்சு அடுப்புலதான் போடும். வெளிய போட்டா நாய் இழுத்துக்கினு போவுதுன்னு."

சட்னியும் உப்பும் ஒட்டிய எச்சில் இலை. அதுதான் என் தூய சாம்பல். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. பத்து வருடம் அந்த அடுப்பில் சாம்பல் அள்ளிய நான், அதில் என்ன எரிகிறது என்று ஒரு நாள் குனிந்து பார்க்கவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் இன்னும் மந்தாரை இலையில் பரிமாறும் ஒரு கடைக்குப் போய் எச்சில் இலைகளைக் கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூட்டையாகவே கொடுத்தார்கள். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். இலைகளைக் காயவைத்து, விறகோடு எரித்து, சாம்பலைக் கரைத்துப் பூசினேன்.

சூளை ஆறியதும் திறந்தேன். பன்னிரண்டிலும் பச்சை வந்திருந்தது.

கீர்த்தி காரோடு வந்தாள். பதினொன்றைத்தான் கட்டி வைத்திருந்தேன். இன்னொன்று எங்கே என்று கேட்டாள்.

"அதைத் தர முடியாதும்மா. வீட்ல ஒரு ஆளு இன்னும் சாப்புடல" என்றேன்.