ஒன்பது செங்கல்

…தொட்டியில் குமிழி அடங்கும்வரை ஊற வேண்டும், அடங்கவில்லை, அதற்குள் ஆவுடைத்தாய் எடுத்துவிட்டாள், மேலுக்கு ஈரம், உள்ளே காய்ந்த மண், ஒன்பது செங்கல், தலையில் வைத்துச் சாரம் ஏறும்போது காதோரமாக நீர் வழிந்தது… பார்க்கிறவர்களுக்கு நனைந்த கல்தான். பிரேமாவுக்குத் தெரியவா போகிறது, அவள் அறுபது நாள் வகுப்பில் கொத்தவேலை படித்தவள், இவளோ சங்கரன்கோவில் பக்கத்துச் சூளையில் எட்டு வயதிலிருந்து களிமண் மிதித்தவள், ஊறாத கல் கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது, மதியத்துக்குள் தொட்டாலே ஆடும். ஆடட்டும். பூச்சில்லாமல் செங்கல் தெரிய விடுகிற வீடாம், இந்த வலியசாலைப் பகுதியில் இப்படி ஒன்று கிடையாதாம்… காலையில் எஞ்சினியர் ஜெயன் சுவரைத் தடவி, "பிரேமசேச்சி, அசலாயிட்டுண்டு கேட்டோ" என்று மலையாளத்தில் மெச்சியபோது அவள் குனிந்து சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் துணிப்பையோடு கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி முழித்துக்கொண்டு நின்றவளைச் சித்தாளாகச் சேர்த்துவிட்டது யார், சும்மாடு சுற்றக் கற்றுக்கொடுத்தது யார்? இன்று அவள் கையில் கொத்துக்கரண்டி, இவள் தலையில் கல்.

"யக்கா, ஊறிட்டா இது?" என்று கேட்டாள் பிரேமா. "ஊறாமலா கொண்டாருவேன்" என்றாள் ஆவுடைத்தாய், முகத்தைப் பார்க்காமல். பிரேமா ஒன்றை எடுத்து வைத்தாள், அடுத்ததை, கரண்டிப் பிடியால் மெல்லத் தட்டினாள், நூலை விட்டு மயிரிழை விலகாமல்… ஒன்பதும் வரியில் போய் உட்கார்ந்தபோது இவளுக்கு வயிறு குளிர்ந்ததா? குளிர்ந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தவள் இரண்டு வாயோடு மூடி வைத்தாள். அந்த வகுப்புக்குப் பெயர் எழுத வந்த அன்று, யக்கா நீயும் வா என்று பிரேமா கையைப் பிடித்து இழுத்தாள், பொம்பளை கெட்டுன சுவரு நிக்குமாட்டீ என்று எல்லார் முன்னாலும் சிரித்தது இவள்தான், அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்…

மதியத்துக்கு மேல் ஜெயன் சாரத்தில் ஏறிச் சுவரில் கை வைத்தார், ஒரு கல் ஆடியது, பக்கத்துக் கல்லும். "இது ஆரு நனைச்சது?" இதோ வந்துவிட்டது, சொல்லப் போகிறாள், சொல்லட்டும், சொன்னால் ஆறு வருஷமாக நெஞ்சில் கிடப்பதையெல்லாம் கொட்டிவிடலாம்… "நாந்தான் சார், அவசரத்தில ஊறும் முன்ன எடுத்துட்டேன், பொளிச்சு எடுத்துட்டுத் திரும்பக் கெட்டித் தாரேன்" என்றாள் பிரேமா. அவர் முகம் சுளித்து, கவனம் வேண்டாமா என்று நாலு பேர் கேட்க ஏசிவிட்டுப் போனார். அவள் கரண்டி நுனியால் ஒவ்வொன்றாகக் கழற்றினாள், எதையும் அசைத்துப் பார்க்கவில்லை, முன்னால் வைத்ததைத் தொடவில்லை, பின்னால் வைத்ததைத் தொடவில்லை, சரியாக ஒன்பது. அப்படியென்றால் வைக்கும்போதே… தெரிந்துமா வாங்கி வைத்தாள்? "இந்தா யக்கா" என்று குனிந்து கீழே நீட்டினாள், குரலில் கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. அவள் கையில் கரண்டி இருப்பதைக்கூடப் பொறுத்திருக்கலாம், இதை எப்படிப் பொறுப்பது, அவள் இடத்தில் தான் நின்றிருந்தால் கேட்ட மாத்திரத்தில் காட்டிக்கொடுத்திருப்பாள் என்று ஆவுடைத்தாய்க்குத் தெரிந்தது, அது பிரேமாவுக்கும் தெரிந்திருக்குமோ…