இரட்டைக்கரையின் இருபது பாட்டுகள்

'இரட்டைக்கரை' இசைக்குழுவின் இருபது பாட்டுகளையும் ஒரே இருப்பில் கேட்க ஜெறோம் உட்கார்ந்தது ரசிக்க அல்ல, குறை பிடிக்க. முன்பாதிப் பாட்டுகளை அவரும் கூட்டாளி லெனாட்டும் குருநகரில் சேர்ந்து செய்தார்கள். ஒரு கீபோர்ட், ஒரு டிறம் மெஷின், இரண்டு குரல். பின்பாதி, ஜெறோம் கோபித்துக்கொண்டு மனைவியின் ஊரான மயிலிட்டிக்குப் போன பிறகு லெனாட் தனியாகச் செய்தது. பெயரை மட்டும் லெனாட் மாற்றவில்லை. ஒற்றை ஆளுக்கு எதற்கு இரட்டைக்கரை என்று ஜெறோம் கலியாண வீடு, செத்த வீடு பார்க்காமல் கேட்டுத் திரிந்தார்.

இப்போது லெனாட் எல்லாவற்றையும் தொகுத்து இணையத்தில் விட்டிருக்கிறார். வெளியீட்டுக்கு மேடையும் போடுகிறார். "வந்து பாடுவியோ?" என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மெஷின் தன் குரலைத் தின்கிறது என்று சொல்லித்தான் ஜெறோம் பிரிந்தார். பின்பாதி குப்பையென்றால் பிரிந்தது சரி. நன்றாக இருந்துவிட்டால், இத்தனை வருடமும் வெறும் வீம்புக்குப் பாடாமல் இருந்தவர் ஆகிவிடுவார்.

முன்பாதியிலேயே அவருக்குக் கூச்சமாகிவிட்டது. மெஷின் பாவம், தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேலே அவர்தான் சந்தையில் மீனை ஏலம் கூறுகிற ஆளைப் போலக் கத்திக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, முகம் உப்பிடிப் போகுது?" என்று கேட்டார் மனைவி ஜெனிற்றா.

"உவன் மெஷினாலை என்ரை குரலை அமத்திப் போட்டான் எண்டெல்லே சொன்னனான். நான்தான் உவனை அமத்தியிருக்கிறன்."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்றுவிட்டு அவர் கறியைப் பார்க்கப் போனார்.

பின்பாதியில் வேறொன்று பிடிபட்டது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின தபசு காலத்தில் கோயிலில் சிலுவைப் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடும்போது ஒருவர் ஓர் அடி பாட, மற்றவர் அடுத்த அடியை எடுப்பார். இருவரும் அப்படிப் பாடி வளர்ந்தவர்கள். பாட்டுகளையும் அப்படியே கட்டினார்கள். தனியாகச் செய்தவற்றிலும் லெனாட் ஓர் அடி பாடுகிறார். அடுத்த அடிக்கு ஆள் இல்லை, டிறம் மட்டும் ஓடுகிறது. அரைவேக்காடு என்று ஊர் சொன்னது. ஜெறோம் முன்னுக்கு நின்று சொன்னார். இன்றைக்கு அந்த இடங்களில் அவருடைய வாய் தானாகத் திறந்தது. சொல் இல்லாமல் மெட்டு வந்தது, ஒவ்வொரு பாட்டிலும் வந்தது. அவருக்கு அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு லெனாட்டுக்குப் போன் எடுத்தார்.

"மச்சான், எனக்கெண்டுதானே உந்த இடமெல்லாம் விட்டு வைச்சனீ?"

லெனாட் சிரித்தார். "ஆர் சொன்னது? எனக்குத் தொய்வு வருத்தமடா. ஒரு அடி பாடினால் மூச்சு வாங்க வேணும். அதுக்கு விட்டது."

ஜெறோமுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. போனை வைத்துவிடலாம் போல இருந்தது. மறுபக்கத்தில் லெனாட், அவ்வளவு பேசியதற்கே இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"சரி, நீ மூச்சு வாங்கு," என்றார் ஜெறோம். "நான் பாடுறன்."